காணாமல் போகாத குண்டான்

எங்கள் சமையல் கூடத்தில் இரண்டு பெரிய அலுமினியக் குண்டான்கள் இருந்தன. ஒன்று கிளைச் சிறைக்கு, மற்றது பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் வீடற்றோர் தங்குமிடத்துக்கு. அடுப்பு ஒன்றுதான், அரிசியும் ஒரே மூட்டையிலிருந்துதான், சமைப்பதும் அதே நான்கு பெண்கள்தான். ஒரு ஐப்பசி மாதம், அந்த இரண்டாவது குண்டானைத் திருடிவிட்டார் என்று ஒரு மனிதர் மேல் நான் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தேன். அவர் திருடவில்லை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

தஞ்சாவூரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடுகிற, நாலு பக்கமும் வயல் சூழ்ந்த ஊர் எங்களுடையது. நான் பி.காம் முடித்தவள். வேலைக்கு அலைந்து அலுத்துப்போய் மகளிர் சுயஉதவிக் குழுவில் சேர்ந்து, பிறகு அதற்குத் தலைவியாகவும் ஆனேன். டெண்டர் போட்டுச் சிறைச் சாப்பாட்டை எடுத்தோம். அதைப் பார்த்துவிட்டுத் தங்குமிடத்துச் சாப்பாட்டையும் எங்கள் தலையில் கட்டினார்கள். எனக்கு முன்கோபம் அதிகம். “அக்கா இருக்கறப்ப குழம்புக்கு மொளகா எதுக்கு, அவங்க வந்து நாலு வார்த்தை பேசுனா போதும்” என்பாள் எங்கள் நால்வரில் இளையவள்.

சிறைச் சாப்பாட்டுக்குச் சட்டம் உண்டு. ஒரு கைதிக்கு அரிசி இவ்வளவு, பருப்பு இவ்வளவு, எண்ணெய் இவ்வளவு, புளி இவ்வளவு என்று கிராம் கணக்கில் போட்ட பட்டியல் சிறை வாசலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும். முட்டை எந்த நாள், கறி எந்த நாள் என்பதுகூட அதில் இருக்கும். காலை ஏழு மணிக்கு வார்டர் போன் செய்வார். “மேடம், இன்னிக்கு பத்தொம்போது.” அவ்வளவுதான் பேச்சு. நான் பத்தொன்பது பேருக்கு உலை வைப்பேன். எடுத்துப் போனால், சிறை அலுவலர் ஒவ்வொரு பாத்திரத்திலிருந்தும் ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். அங்கே அது விதி. ஒருமுறை சாம்பார் தண்ணீராக இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார். நான் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி பருப்பு வேக வைத்து எடுத்துப் போனேன்.

தங்குமிடத்தில் பட்டியலும் கிடையாது, ருசி பார்க்க ஆளும் கிடையாது. மானியம் வருகிறபோது வரும். வராத மாதங்களில் கல்யாண மண்டபத்தில் மிஞ்சியதை வாங்கிச் சமாளிப்போம். முகூர்த்த நாளில் வடை பாயசத்தோடு சாப்பாடு, ஆடி பிறந்துவிட்டால் ரசஞ்சோறு. அதுவும் ஒருவேளைதான். காலை எட்டு மணிக்கு எல்லோரும் மூட்டை முடிச்சைத் தூக்கிக்கொண்டு வெளியேறிவிட வேண்டும். பகலில் பார்த்துக்கொள்ள ஆள் போட வழியில்லாததால் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் மறுபடி கதவு திறக்கும். ஒருநாள் ரசத்தில் உப்புப் போடவே மறந்துவிட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறுநாள் நானாக ஞாபகம் வந்து போய்க் கேட்டபோது, “சூடா இருந்துச்சும்மா, அது போதும்” என்றார் ஒரு பெரியவர். உப்பில்லை என்று அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இதைச் சொன்னால் சிலர் உடனே, திருடனுக்கு முட்டை, ஏழைக்கு ரசமா என்று ஆரம்பித்துவிடுவார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்காது. சிறையில் இருப்பவர்களின் முட்டையைப் பிடுங்கித் தங்குமிடத்தில் போடச் சொல்லி நான் கேட்கவில்லை. அந்தப் பத்தொன்பது பேரில் பாதிப் பேரை எனக்குப் பேருந்து நிலையத்திலேயே தெரியும். காலை ஏழு மணி எண்ணிக்கையில் ஒருவராக இருந்து, மதியம் ஜாமீன் கிடைத்து, சாயங்காலம் தங்குமிடத்தில் வந்து படுப்பவர்கள் உண்டு. காலையில் அவர் பங்குக்கு அளந்து போட்ட அரிசி சாயங்காலம் அவருக்குக் கிடையாது.

நான் சொல்ல வந்த மனிதரும் அப்படி வந்தவர்தான். சிறையில் எல்லோரும் அவரைத் ‘தார்ப்பாய்’ என்று கூப்பிட்டார்கள். ஐம்பது வயது இருக்கும். ஒரத்தநாட்டுப் பக்கத்துக்காரர். நெல் கொள்முதல் நிலையங்களில் மூட்டை தூக்கிப் பிழைத்தவர். வலிப்பு வர ஆரம்பித்ததும் யாரும் அவர் தலையில் மூட்டை ஏற்றத் துணியவில்லை. மனைவி இறந்துவிட்டார். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் இவருக்கு இடமில்லை. புரட்டாசியில் மழை கொட்டிய ஒரு நாள், எங்கள் ஊர்க் கொள்முதல் நிலையத்தில் குறுவை மூட்டைகளின் மேல் கிடந்த தார்ப்பாய் ஒன்றை உருவிப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். விடிந்து பார்த்தால் மேல் வரிசை நெல் நனைந்திருந்தது. அரசாங்கத் தார்ப்பாயைத் திருடியதாக வழக்குப் போட்டு உள்ளே அனுப்பிவிட்டார்கள்.

சிறைக்குள் என் பாத்திரங்களை வாங்கிப்போய், காலியானதும் கழுவிக் கொண்டுவந்து கொடுப்பது அவர் வேலை. என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். “நான் திருடல தங்கச்சி, போத்திக்கிட்டேன்” என்று என்னிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். மற்றபடி கலகலப்பான ஆள்.

“இன்னிக்குக் கத்திரிக்கா கொஞ்சம் வேகல தங்கச்சி.”

“உள்ள உக்காந்துக்கிட்டு நக்கலப் பாருங்க” என்பேன்.

உள்ளே போன மூன்றாம் நாள் அவருக்கு வலிப்பு வந்தது. உடனே ஜீப் வந்தது, இரண்டு போலீஸ்காரர்கள் துணையோடு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். அதிலிருந்து காலையும் மாலையும் மாத்திரை. வார்டர் எதிரே நின்று, விழுங்கிய பிறகு வாயைத் திறந்து காட்டச் சொல்லி, நோட்டில் கையெழுத்துப் போடுவார். பிறகு ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லை. கன்னத்தில் சதை வைத்தது. நான் பாராட்டியபோது சிறை அலுவலர் சிரித்தார். “பாசம்லாம் ஒண்ணும் இல்லம்மா. உள்ள ஒரு உசிரு போச்சுன்னா மாஜிஸ்ட்ரேட் வந்து உக்காந்துடுவாரு. யாரு மாத்திரை குடுத்தது, எத்தன மணிக்குக் குடுத்ததுன்னு கேப்பாரு. பதில் சொல்லணும்ல” என்றார். ஒளிவு மறைவு இல்லாத மனிதர்.

ஐப்பசி பிறந்த முதல் வாரத்தில், இலவச சட்ட உதவி வக்கீல் ஒருவர் போராடி அவருக்குச் சொந்த ஜாமீன் வாங்கிவிட்டார். எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். அன்று மாலை சிறையில் வார்டர் ஒரு ஆள் பங்கைத் தனியே எடுத்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அங்கிருந்து தங்குமிடத்துக்குப் போனால், வரிசையில் கடைசி ஆளாக அவர் நிற்கிறார். கையில் ஒரு துணிப்பை, அதற்குள் ஐந்து நாளுக்கான மாத்திரை. அன்று முட்டை நாள்.

“உங்க முட்டை உங்களத் தேடி வந்துடுச்சுண்ணே” என்று அவர் தட்டில் வைத்தேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

அந்த வருஷம் அடைமழை. எட்டு மணிக்குத் தங்குமிடம் பூட்டினால் அவர் பேருந்து நிலைய பெஞ்சில் உட்காருவார். பை நனைந்து மாத்திரை கரைந்தது. நான் புதிதாக வாங்கிக் கொடுத்தேன். ஆனால் போட்டோமா போடவில்லையா என்பது அவருக்கு மறந்துவிடும். ஒருநாள் போடவே மாட்டார், ஒருநாள் இரண்டு வேளைக்குரியதைச் சேர்த்துப் போட்டுவிட்டு எழுந்து நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொள்வார். இரண்டாம் வாரம் பெஞ்சிலிருந்து விழுந்து புருவம் கிழிந்தது. அதற்கு நாலாவது நாள், முகம் கழுவப் பேருந்து நிலையத்தை ஒட்டிய வாய்க்கால் படியில் இறங்கியவர் அப்படியே தண்ணீருக்குள் சரிந்துவிட்டார். எதிர் டீக்கடைக்காரர் பார்த்து ஓடிப்போய்த் தலைமுடியைப் பிடித்துத் தூக்கியிருக்கிறார். ஆம்புலன்ஸ் வந்தது. கூட யார் என்று கேட்டபோது டீக்கடைக்காரர் எனக்குப் போன் செய்தார்.

அரசு மருத்துவமனையில் இருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். பழைய சீட்டையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

“ஜெயில்ல இருந்தப்ப ஒண்ணும் வரலையே, இப்ப ஏன் வருது?”

“அங்க நேரத்துக்குக் குடுத்தாங்க டாக்டர்.”

“அப்ப இங்கயும் நேரத்துக்குக் குடுக்கணும். ரெண்டு வேளை, ஒரு நாள்கூட விடாம. அடுத்த தடவ தண்ணில விழுந்தா தூக்கறதுக்கு ஆள் இருக்கும்னு சொல்ல முடியாதும்மா. இவருக்கு யாரு பொறுப்பு?”

நீங்கள் யார் என்று அடுத்துக் கேட்பாளோ என்று பயமாக இருந்தது. மறுநாள் அவரைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தபோது மழை விடவில்லை.

முதலில் தங்குமிடக் காப்பாளரிடம் போனேன். நல்ல மனிதர், பயந்த சுபாவம். பகலில் அவரை மட்டும் உள்ளே இருக்கவிட்டு மாத்திரை கொடுக்க முடியுமா என்று கேட்டேன். “பூட்டுன வீட்டுக்குள்ள தனியா விழுந்து கெடந்தா என்னைக் கேப்பாங்கம்மா. எனக்கு இந்த வேலையே தற்காலிகம்” என்றார். அவர் மேல் எரிந்து விழுந்தேன்.

சரி, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சமையல் கூடத்துக்கு வரச் சொன்னேன். காலையில் வந்தால் என் கையால் மாத்திரை, ஒரு தம்ளர் கஞ்சி, மாலையிலும் அப்படியே. மூன்று நாள் நன்றாகத்தான் போயிற்று. வெங்காயம்கூட உரித்துக் கொடுத்தார். நாலாம் நாள், சோற்றை வடித்து, கொதிக்கிற கஞ்சியை அண்டாவில் இறக்கி வைத்த நேரம், அவர் கண் மேலே சொருகியது. நான் பார்த்துவிட்டேன். பார்த்தும் கால் நகரவில்லை. எங்கள் இளையவள்தான் பாய்ந்து அவரை இடுப்போடு தள்ளினாள். அவர் அண்டாவுக்கு இந்தப் பக்கம் விழுந்தார். அவள் முழங்கை அண்டா விளிம்பில் பட்டுத் தோல் வழன்றுவிட்டது.

அவர் தெளிந்து எழுந்து போன பிறகு, அவள் கையில் ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு வந்து என் எதிரே உட்கார்ந்தாள். “அக்கா, அந்தாளு பாவம்தான். ஆனா நாளைக்கு அவரு வந்தா நான் வர மாட்டேன்” என்றாள். மற்ற இருவரும் தலை குனிந்துகொண்டார்கள். அவள் சொன்னதில் தப்பே இல்லை.

என் வீட்டில் வைத்துக்கொண்டிருக்கலாமே என்று இதைப் படிக்கிறவர்கள் கேட்கலாம். இரண்டு அறை வீடு, வயசுக்கு வந்த மகள், படுக்கையில் மாமனார் என்று காரணங்கள் எல்லாம் என்னிடம் இருந்தன. ஆனால் உண்மை என்னவென்றால், அந்த யோசனை வந்த வேகத்திலேயே அதைத் தள்ளிவிட்டேன். காரணங்களைப் பிறகுதான் தேடினேன்.

அன்று மாலை சிறைக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது அலுவலரிடம் நடந்ததைச் சொன்னேன். தினமும் இரண்டு வேளை நான் இங்கே வருகிறேன், அவரையும் வாசலுக்குக் கூட்டிவருகிறேன், வார்டர் மற்றவர்களுக்குக் கொடுக்கும்போது இவருக்கும் ஒன்று கொடுத்து விழுங்க வைத்தால் போதும் என்று கேட்டேன். கேட்கும்போதே அது எவ்வளவு அசட்டுத்தனம் என்று தெரிந்தது.

அவர் கரண்டியில் எடுத்த குழம்பை ருசி பார்த்துவிட்டு, “வெளிய இருக்கற ஆளுக்கு நான் எந்த நோட்டுல எழுதறது?” என்றார். கையெழுத்துப் போட்டார். பிறகு, என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, சிரித்துக்கொண்டே, “உள்ள அனுப்புங்க, பாத்துக்கறேன்” என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் மதியம் பேருந்து நிலையத்துக்குப் போனேன். அவர் அதே பெஞ்சில், புருவத்தில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னேன். ஒரு வழக்குப் போட்டால் உள்ளே போய்விடலாம், மழைக்காலம் முடியும் வரைக்குமாவது மாத்திரை ஒழுங்காகக் கிடைக்கும், தை பிறந்ததும் வேறு வழி பார்க்கலாம் என்று. என் பாத்திரம் ஒன்றை அவர் எடுத்துவிட்டதாக எழுதிக் கொடுக்கிறேன் என்று.

அவர் ரொம்ப நேரம் எதிரே நின்ற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“குடிச்சிட்டுக் கலாட்டா பண்ணேன்னு எழுதுங்க. கல்லால அடிச்சேன்னுகூட எழுதுங்க. திருடுனேன்னு மட்டும் வேணாம் தங்கச்சி.”

“அதுக்கெல்லாம் ஃபைன் கட்டச் சொல்லி அன்னிக்கே விட்டுடுவாங்கண்ணே.”

“தார்ப்பாய நான் திருடல.”

“தெரியும்ணே.”

பஸ் கிளம்பிப் போனது. அடுத்த பஸ் வந்து நின்றது.

“எந்தப் பாத்திரம்?” என்று கேட்டார்.

அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அவர் சரி என்று சொல்லவில்லை. வாய்க்காலில் மிதந்த அவர் தலையை நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அதற்கு மேல் கேட்கப் பொறுமையில்லை. கேட்டால் மாட்டேன் என்று சொல்லிவிடுவார் என்ற பயமும் இருந்தது. சமையல் கூடத்துக்குப் போய்த் தங்குமிடக் குண்டானை எடுத்துவந்து, அவர் பெஞ்சுக்கடியில் வைத்தேன். “இங்கயே இருங்க” என்றேன்.

காவல் நிலையத்தில் புகார் எழுதி வாங்குகிற ரைட்டர், மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“ஒரு குண்டானுக்கா?”

“அது இல்லாம முப்பது பேருக்குச் சோத்தை மடியிலயா கட்டிக்கிட்டுப் போறது?” என்று கத்தினேன். கோபம் தானாகவே வந்தது. நடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஒரு மாதமாக யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் வைத்திருந்த கோபம், அந்த மேஜை மேல் போய் விழுந்தது. ரைட்டர் பேனாவை எடுத்தார். எடுத்தது யார் என்று தெரியுமா, பழைய வழக்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு எழுதிக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் நிறுத்தி, “நிரந்தர முகவரி?” என்றார்.

“இல்ல.”

“அப்ப ரிமாண்டுதான். விலாசம் இல்லாதவன எங்க போயித் தேடறது” என்றார். நான் மனுவில் கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், “அவருக்கு வலிப்பு உண்டுங்க. காலையில ஒரு மாத்திரை, சாயங்காலம் ஒரு மாத்திரை” என்றேன்.

ரைட்டர் கண்ணாடியைக் கழற்றினார். “திருட்டுக் குடுத்தவங்க நீங்க. திருடுனவன் என்ன மாத்திரை போடறான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

பொய்ப் புகார் என்று தெரிந்தால் என் ஒப்பந்தம் போகும், குழு போகும், நாலு குடும்பத்துப் பிழைப்பும் போகும். அவரும் அந்த பெஞ்சிலேயே இருப்பார். “தங்குமிடத்துல சாப்பிடற ஆளுதான். அங்க வெச்சு வலிப்பு வந்து பாத்திருக்கேன். உங்க ஸ்டேஷன்ல விழுந்து வெச்சா உங்களுக்குத்தான வம்பு, அதுக்குச் சொன்னேன்” என்றேன். வம்பு என்ற வார்த்தை அவருக்குப் புரிந்துவிட்டது. மனுவின் ஓரத்தில் ‘வலிப்பு’ என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

காவலர் ஒருவர் போய், பெஞ்சில் இருந்தவரை அழைத்துவந்தபோது நான் எதிர்ச்சாரியில் மருந்துக் கடை ஓரமாக நின்றிருந்தேன். அவர் குண்டானைப் பெஞ்சுக்கடியிலிருந்து எடுத்துத் தானே தலையில் வைத்துக்கொண்டு வந்தார், மூட்டை தூக்குகிறவர்கள் நடப்பது போலக் கழுத்தை நேராக வைத்துக்கொண்டு. கடைத்தெருவில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். டீக்கடைக்காரர் கடையை விட்டு இறங்கி வந்து, “இவனையா நான் முடியப் புடிச்சித் தூக்குனேன்” என்று காறித் துப்பினார். நான் மருந்துக் கடைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்குச் சிறையிலிருந்து போன். “மேடம், இன்னிக்கு பதினெட்டு.” முந்தின நாள் பதினேழு. நான் போனை வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். பதினெட்டாவது பங்கு அரிசியை நானே அளந்து போட்டேன்.

மதியம் சிறை வாசலில் வார்டர் வழக்கம்போல நின்றார். கேட்டுக்குள்ளிருந்து யாரோ, “குண்டான், சாப்பாடு வந்துடுச்சு, வா” என்று கூப்பிட்டார்கள். பழைய பட்டப்பெயர் போய்ப் புதியது வந்துவிட்டது. அவர் வந்து பாத்திரங்களை வாங்கிக்கொண்டு போனார். அரை மணி நேரம் கழித்துக் கழுவி எடுத்துவந்து வரிசையாகத் தரையில் வைத்தார்.

“மேடம்” என்றார். எனக்கு யாரை அழைக்கிறார் என்று ஒரு நிமிஷம் புரியவில்லை. “அஞ்சு வந்துச்சு. சோத்துக் குண்டான் ஒண்ணு, சாம்பார் வாளி ஒண்ணு, பொரியல் சட்டி ஒண்ணு, மோர் வாளி ஒண்ணு, கரண்டி ஒண்ணு. எண்ணிக்கங்க.”

“எதுக்குண்ணே இதெல்லாம்.”

“எண்ணிக்கங்க மேடம்.”

வார்டர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எண்ணினேன்.

அன்றிலிருந்து தினமும் இரண்டு வேளை அதே கதைதான். நான் எண்ணி முடிக்கும் வரை அவர் நகர மாட்டார். கத்திரிக்காய் வேகவில்லை என்றோ, குழம்பில் புளி தூக்கல் என்றோ ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். ஒருமுறை வேண்டுமென்றே சாம்பாரில் உப்பைக் குறைத்து எடுத்துப் போனேன், அவர் வாயைக் கிளறலாம் என்று. அலுவலர்தான் திருப்பி அனுப்பினார். ஆனால் காலையும் மாலையும் மாத்திரை போனது. கார்த்திகை முழுக்க மழை பெய்து, வாய்க்கால் கரை புரண்டு, பேருந்து நிலையத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றபோது, அவர் உள்ளே காய்ந்த தரையில் படுத்திருந்தார். அதை நினைத்து நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதியை யாரிடமும் சொல்ல முடியவில்லை. தங்குமிடத்துக்கு மண்டபத்தில் இரவல் வாங்கிய பாத்திரத்தில் சோறு போயிற்று. எங்கள் குண்டான் தொண்டிப் பொருளாக நீதிமன்றத்தில் இருந்தது.

மார்கழியில் வழக்கு எடுக்கப்பட்டது. சாட்சி சொல்ல எனக்குச் சம்மன் வந்தது. மனுவில் பொய் எழுதுவது வேறு, கூண்டில் ஏறிச் சத்தியம் செய்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வது வேறு. என் முறை வருவதற்கு முன்னாலேயே அவர் குற்றத்தை ஒத்துக்கொண்டுவிட்டார். நீதிபதி இரண்டாவது வழக்கு என்பதைப் பார்த்துச் சில மாதங்கள் தண்டனை சொன்னார். இனிமேல் கிளைச் சிறை இல்லை, திருச்சி மத்தியச் சிறை. நான் வராந்தாவில் நின்றேன். அவர் என்னைத் தாண்டித்தான் போனார்.

திருச்சிக்குக் கொண்டுபோகிற நாள் காலையில், சாப்பாடு இறக்கும்போது அலுவலரிடம் கேட்டேன். மருத்துவக் காகிதம் எல்லாம் கூடவே போகும், அங்கே டாக்டரே இருக்கிறார், கவலைப்படாதீர்கள் என்றார். விடுதலையான பிறகு என்று கேட்க வாயெடுத்தேன். அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது என்பதால் கேட்கவில்லை.

கடைசியாக அவர் பாத்திரங்களைக் கொண்டுவந்து வைத்தார். கையில் அதே துணிப்பை. சட்டை துவைத்து, தலை வாரி, வெளியூர் கிளம்புகிறவர் போல இருந்தார்.

“எண்ணிக்கங்க மேடம்.”

எண்ணினேன். வாய்விட்டே எண்ணினேன்.

“சரியா இருக்கா?”

“சரியா இருக்குண்ணே.”

“ஒண்ணும் கொறையலையே?”

“ஒண்ணும் கொறையல.”

“அப்ப எழுதிக் குடுங்க” என்றார்.

வார்டர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, அவரும் சிரிக்கவில்லை. சாப்பாடு கொடுக்கிற சீட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, என் பாத்திரங்கள் எல்லாம் இவரிடமிருந்து சரியாக வந்து சேர்ந்தன, ஒன்றும் குறையவில்லை என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். புகாரில் போட்ட அதே கையெழுத்து. அவர் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். நாலாக மடித்து, மாத்திரை இருந்த பிளாஸ்டிக் கவரைப் பிரித்து, அதற்குள் வைத்து, தண்ணீர் புகாமல் இரண்டு தடவை சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வேன் பக்கம் நடந்தார்.